காலண்டரில் சிவப்பு மை எப்படி வருகிறது?

2021ஆம் ஆண்டுக்கான தினசரி காலண்டரை மளிகைக் கடைக்காரர் கொடுத்தபோது அதில் ஜனவரி 28 கறுப்பு மையில்தான் இருந்தது. தேதிக்குக் கீழே பொடி எழுத்தில் ‘தைப்பூசம்’ என்று மட்டும் போட்டிருந்தார்கள். அந்த மாதம் 5ஆம் தேதி, அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி தைப்பூசத்தைப் பொது விடுமுறைப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தார். காலண்டரோ சிவகாசியில் அச்சாகி, ஊர் ஊராகப் போய், வீட்டுச் சுவர்களில் ஆணியில் ஏறிவிட்டிருந்தது. அம்மா ஒரு சிவப்புப் பேனாவை எடுத்து அந்தத் தாளில் வட்டம் போட்டார். எங்கள் வீட்டில் ஓர் அரசாணை அமலுக்கு வந்தது அப்படித்தான்.

பூச நட்சத்திரமும் பௌர்ணமியும் அந்த ஆண்டு புதிதாக முளைத்தவை அல்ல. பழனிக்கு நடந்துபோகிறவர்கள் தலைமுறை தலைமுறையாகப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். விடுமுறை இல்லையே என்று யாரும் காவடியை இறக்கி வைத்ததில்லை. பிறகு அந்த ஆண்டு மட்டும் என்ன? ஏப்ரலில் சட்டமன்றத் தேர்தல். அதற்குச் சில மாதம் முன்புதான் பா.ஜ.க. வேல் யாத்திரை நடத்தியிருந்தது. அந்தப் பருவத்தில் வேல் பல கட்சிகளின் மேடைகளுக்கும் போய்வந்தது. பக்தர்களின் நெடுநாள் கோரிக்கையை அரசு ஏற்றது என்பது உண்மை. ஏற்றுக்கொண்ட நேரம் தேர்தல் நேரம் என்பதும் உண்மை.

இதே தைப்பூசத்துக்குக் கடல் கடந்தும் ஒரு கதை உண்டு. மலேசியாவில் 2007 நவம்பர் 25 அன்று இந்து உரிமைகளுக்காகப் போராடிய இண்ட்ராஃப் அமைப்பின் அழைப்பை ஏற்று, கோலாலம்பூர் தெருக்களில் இந்திய வம்சாவளியினர் பெருந்திரளாகக் கூடினார்கள். கண்ணீர்ப்புகை, தடியடி, கைது என்று நாடே அதைப் பேசியது. இரண்டு மாதம்கூட முடியவில்லை. 2008 ஜனவரியில் பிரதமர் அப்துல்லா அகமது படாவி, கோலாலம்பூருக்கும் நிர்வாகத் தலைநகரான புத்ராஜாயாவுக்கும் தைப்பூச விடுமுறையை அறிவித்தார். பினாங்கு, சிலாங்கூர், பேராக் போன்ற மாநிலங்களில் அது முன்பே விடுமுறைதான். மார்ச் 8இல் பொதுத் தேர்தல் நடந்தது. விடுமுறை கிடைத்தது, ஆளும் கூட்டணியின் மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மை போனது.

சிங்கப்பூரில் கதை தலைகீழ். அங்கே தைப்பூசம் ஒருகாலத்தில் பொது விடுமுறையாகவே இருந்தது. பிரிட்டிஷ் படைகள் வெளியேறப்போகின்றன, உற்பத்தியைப் பெருக்கியாக வேண்டும் என்ற நெருக்கடியில் 1968இல் அரசு விடுமுறைகளைக் குறைத்து 11 ஆக்கியது. ஒவ்வொரு சமயத்தாரும் எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. இந்துக்களுக்குத் தீபாவளி தங்கியது, தைப்பூசம் போயிற்று.

ஒரே பௌர்ணமி. ஒரு நாட்டில் தொழிற்சாலைக்காக எடுக்கப்பட்டது, இன்னொன்றில் கோபத்தைத் தணிக்கக் கொடுக்கப்பட்டது, நம் ஊரில் தேர்தலுக்கு முன் சேர்க்கப்பட்டது. விடுமுறைகளும் நினைவு நாட்களும் எப்படி உருவாகின்றன என்று புரிந்துகொள்ள இதைவிட எளிய வாசல் எனக்குத் தெரியவில்லை. பண்டிகையை வானமோ வரலாறோ தரலாம். அதைச் சிவப்பு மையில் அச்சிடும் அதிகாரம் மட்டும் எப்போதும் ஒருவர் கையில் இருக்கிறது. அவர் யார், எப்போது, எதை விட்டுவிட்டு எதை எடுத்தார் என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

கையெழுத்துதான் விடுமுறை

முதலில் சட்டத்தை ஒரு நடை பார்த்துவிடுவோம், சற்று வேடிக்கையானது. கோயில் தேரோட்டத்துக்காக மாவட்ட ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அறிவிக்கும் செய்தியைப் படித்திருப்பீர்கள். அதன் கடைசி வரி எப்போதும் ஒரே மாதிரி இருக்கும்: இந்த விடுமுறை செலாவணி முறிச் சட்டம் 1881இன் கீழ் அறிவிக்கப்படவில்லை, ஆகவே கருவூலங்கள் குறைந்தபட்சப் பணியாளர்களுடன் இயங்கும். பலரும் கண்ணை ஓட்டிவிட்டுப் போகிற வரி அது. விஷயமே அதில்தான் இருக்கிறது.

செலாவணி முறிச் சட்டம் என்பது காசோலை, கடன் உறுதிச் சீட்டு போன்றவற்றுக்காக ஆங்கிலேய அரசு இயற்றியது. பணம் கொடுக்க வேண்டிய கெடு பொது விடுமுறையில் விழுந்தால் என்ன செய்வது? அதற்கு முந்தைய வேலை நாளில் கொடுத்துவிட வேண்டும் என்கிறது அதன் 25ஆம் பிரிவு. ‘பொது விடுமுறை’ என்றால் என்ன என்ற கேள்வி உடனே எழுமே? ஞாயிற்றுக்கிழமையும், அரசு அரசிதழில் அறிவிக்கும் பிற நாட்களும் என்று அதே பிரிவு பதில் சொல்கிறது. பொங்கலும் ரம்ஜானும் கிறிஸ்துமஸும் இன்றுவரை பொது விடுமுறைகளாவது, வட்டிக்கடைக் கணக்குக்காக எழுதப்பட்ட இந்தச் சட்டத்தின் தயவில்தான். எது புனிதம், எது வரலாறு என்றெல்லாம் அது கேட்பதில்லை. அரசு அறிவித்ததா என்று மட்டும் கேட்கிறது.

நாடு முழுவதும் தேசிய விடுமுறைகள் மூன்று: ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. மற்றவை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இவை போக, விடுமுறை இல்லாமல் ‘நாள்’ என்ற பெயர் மட்டும் பெற்றவை ஒரு கூட்டம். அலுவலகத்தில் எல்லோரும் எழுந்து நின்று உறுதிமொழி வாசித்துவிட்டு மறுபடி கோப்பைத் திறப்பார்கள். விடுமுறை தந்தால் அரசுக்கு ஒரு நாள் வேலை போகிறது. ‘நாள்’ அறிவித்தால் ஒன்றும் போவதில்லை. அதனால்தானோ என்னவோ, இரண்டாவது வகை பல்கிப் பெருகிக்கொண்டே இருக்கிறது.

ஜனவரி 26: ஒரு ஞாயிற்றுக்கிழமையின் கதை

குடியரசு நாள் ஏன் ஜனவரி 26இல் வருகிறது என்று பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டால், அன்றுதான் அரசியலமைப்புச் சட்டம் அமலுக்கு வந்தது என்பார்கள். சரியான பதில்தான். ஆனால் அது ஏன் அன்று அமலுக்கு வந்தது?

அரசியல் நிர்ணய சபை அரசியலமைப்பை ஏற்றது 1949 நவம்பர் 26இல். குடியுரிமை போன்ற சில பிரிவுகள் அன்றே நடைமுறைக்கு வந்துவிட்டன. மற்றவற்றை இரண்டு மாதம் நிறுத்தி வைத்தார்கள், ஒரு பழைய தேதிக்காக. 1929 டிசம்பரில் லாகூரில் ஜவகர்லால் நேரு தலைமையில் கூடிய காங்கிரஸ் மாநாடு, பிரிட்டிஷ் பேரரசுக்குள்ளேயே தன்னாட்சி பெறும் டொமினியன் அந்தஸ்து போதாது, முழு விடுதலைதான் இலக்கு என்று தீர்மானித்தது. டிசம்பர் 31 நள்ளிரவில் ராவி ஆற்றங்கரையில் கொடி ஏறியது. அதை மக்கள் வரைக்கும் கொண்டுபோக ஒரு நாள் வேண்டும் என்று ஜனவரியின் கடைசி ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தார்கள். அது 1930 ஜனவரி 26. அந்தத் தேதிக்கென்று அதற்கு முன் தனிச் சிறப்பு எதுவும் கிடையாது. அன்று ஊர் ஊராகக் கூட்டம் கூடி விடுதலை உறுதிமொழி எடுத்தார்கள். பிறகு ஆண்டுதோறும் ஜனவரி 26 ‘சுதந்திர நாள்’ என்றே கொண்டாடப்பட்டது. நாடு விடுதலை பெறுவதற்கு 17 ஆண்டு முன்பே அதற்கு ஒரு சுதந்திர நாள் இருந்தது.

அப்படியானால் உண்மையான விடுதலையும் அந்தத் தேதியில் வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. ஆகஸ்ட் 15ஐத் தேர்ந்தவர் மவுண்ட்பேட்டன். 1948 ஜூனுக்குள் வெளியேறுவது என்பதுதான் பிரிட்டிஷ் அரசின் முதல் திட்டம். அதை முன்னுக்கு இழுத்து, 1947 ஜூன் மாதம் செய்தியாளர் கூட்டத்தில் மவுண்ட்பேட்டன் இந்தத் தேதியைச் சொன்னார். ஜப்பான் சரணடைந்த இரண்டாம் ஆண்டு நிறைவு என்பதால் அது மனத்தில் வந்தது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். தென்கிழக்கு ஆசியாவில் நேச நாட்டுப் படைகளுக்குத் தலைமை வகித்தவருக்கு அது வெற்றியின் தேதி. நமக்கு அந்தத் தேதியில் எந்த நினைவும் இல்லை.

ஆக, இந்தியர்கள் தாங்களே தேர்ந்து 17 ஆண்டு கொண்டாடிய நாள் ஒரு கையில்; ஆட்சியை விட்டுப் போகிறவர் கொடுத்த நாள் மறு கையில். முதல் நாளைக் கைவிட மனம் வராமல்தான் குடியரசை அதன் மேல் ஏற்றி வைத்தார்கள். எனக்கு இது மிகவும் பிடித்த அரசியல் முடிவுகளில் ஒன்று. ஒரு தேதியை வீணாக்கக் கூடாது என்று அரிசி களைந்த நீரை எடுத்துவைக்கும் அக்கறை அதில் தெரிகிறது.

நவம்பர் 26 அறவே மறக்கப்பட்டதா என்றால், வழக்கறிஞர்கள் அதைச் ‘சட்ட நாள்’ என்று நினைவுகூர்ந்து வந்தார்கள். 2015இல், அம்பேத்கரின் 125ஆம் பிறந்த ஆண்டை ஒட்டி, நரேந்திர மோடி அரசு அதை ‘அரசியலமைப்பு நாள்’ என்று அறிவித்தது. லாகூர் தேதி காங்கிரசின் கதையைச் சொல்கிறது. நவம்பர் 26இல் அந்தக் கதை குறைவு, அம்பேத்கர் அதிகம். இரண்டு தேதியும் ஒரே புத்தகத்தைத்தான் கொண்டாடுகின்றன.

அது துக்க நாள், இது இன்ப நாள்

தேதி அரசு கையில் இருந்தாலும், அதற்கு என்ன அர்த்தம் என்பதில் சண்டை ஓய்வதில்லை. ஆகஸ்ட் 15, 1947ஐத் துக்க நாளாகக் கடைப்பிடிக்கச் சொன்னார் பெரியார். வெள்ளையர் போய் அந்த இடத்தில் பார்ப்பன, பனியா ஆதிக்கம் வருகிறது, இதில் திராவிடனுக்கு என்ன விடுதலை என்பது அவர் கேள்வி. அவருடைய இயக்கத்திலேயே இருந்த அண்ணா ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு எதிரிகளில் ஒருவன் ஒழிந்த நாள், அது இன்ப நாளே என்று வெளிப்படையாக எழுதினார். ஒரு நாளைக் கொண்டாடுவதா, துக்கம் காப்பதா என்ற இந்தப் பிணக்கு, 1949இல் தி.மு.க. பிரிந்ததற்கு முந்தைய முக்கியமான விரிசல்களில் ஒன்று.

அண்ணாவுக்கே அந்தச் சங்கடம் திரும்பி வந்தது, 1965இல். அரசியலமைப்புப்படி, அது அமலுக்கு வந்து 15 ஆண்டு வரை ஆங்கிலமும் ஆட்சி மொழியாகத் தொடரலாம். அந்தக் கெடு முடியும் நாள் 1965 ஜனவரி 26. வடக்கில் கொடியேற்றம், இங்கே இந்தி வந்துவிடுமே என்ற கொதிப்பு. தி.மு.க. அன்றைத் துக்க நாளாகக் கடைப்பிடிக்க முடிவு செய்தது. குடியரசு நாளில் கறுப்புக் கொடியா என்று பக்தவத்சலம் அரசு கண்டிக்க, போராட்டம் ஒரு நாள் முன்னதாக, 25ஆம் தேதிக்கு மாற்றப்பட்டது. அதற்குச் சரியாக ஓராண்டு முன்பு, 1964 ஜனவரி 25இல்தான் கீழப்பழுவூர் சின்னசாமி மொழிக்காகத் தீக்குளித்திருந்தார். இன்றும் ஜனவரி 25இல் மொழிப்போர் தியாகிகளுக்குக் கட்சிகள் வீரவணக்கக் கூட்டம் நடத்துகின்றன. அரசு விடுமுறை இல்லை, காலண்டரில் சிவப்பு மை இல்லை. ஆனாலும் அடுத்தடுத்த இரண்டு தாள்களில் இரண்டு விதமான நாட்டுப்பற்று நின்றுகொண்டிருக்கிறது.

(ஜனவரி 26க்கு இந்த ராசி உலகம் முழுக்க உண்டு போலும். ஆஸ்திரேலியாவின் தேசிய நாளும் அதே தேதிதான். 1788இல் ஆங்கிலேயர் அங்கே குடியேற்றம் தொடங்கிய நாள். அதன் 150ஆம் ஆண்டு விழாவின்போது, 1938இல், அந்த மண்ணின் பூர்வகுடிகள் சிட்னியில் கூடி அதைத் துக்க நாளாக அனுசரித்தார்கள்.)

கொடியை யார் ஏற்றுவது என்பதிலும் அரசியல் உண்டு. ஒரு காலத்தில் மாநிலங்களில் சுதந்திர நாள், குடியரசு நாள் இரண்டிலும் ஆளுநரே கொடியேற்றினார். மக்கள் தேர்ந்தெடுத்த முதல்வருக்கு அந்த உரிமை வேண்டும் என்று கருணாநிதி இந்திரா காந்தியிடம் கேட்டுப் பெற்றார். 1974 ஆகஸ்ட் 15இல் கோட்டைக் கொத்தளத்தில் அவர் கொடியேற்றியது முதல், சுதந்திர நாள் முதல்வருக்கு, குடியரசு நாள் ஆளுநருக்கு என்று ஆயிற்று. கயிற்றை இழுப்பது ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடத்துக்குள் மாநில உரிமை பற்றிய ஒரு வாதம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

நவம்பர் 1ஆ, ஜூலை 18ஆ?

சமீபகால உதாரணத்துக்கு வருவோம். தமிழ்நாடு எப்போது பிறந்தது?

கேள்வி எளிது, பதில் மூன்று. மொழிவாரி மாநிலங்கள் அமைந்தது 1956 நவம்பர் 1. அன்றைய சென்னை மாகாணத்திலிருந்து மலபார் கேரளத்துக்கும், தென் கன்னடம் மைசூருக்கும் போயின. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையும் இங்கே வந்தன. நிலம் உருவான நாள் இது. ஆனால் பெயர் இன்னும் சென்னை மாநிலம்தான். தமிழ்நாடு என்று பெயரிட வேண்டும் என்பது உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக எழுபது நாட்களுக்கு மேல் உண்ணாவிரதம் இருந்த சங்கரலிங்கனார் அந்த அக்டோபர் 13இல் உயிர்விட்டிருந்தார். பெயர் மாற்றத் தீர்மானத்தை அண்ணா சட்டமன்றத்தில் கொண்டுவந்து, அது ஒருமனதாக நிறைவேறியது 1967 ஜூலை 18. நாடாளுமன்றமும் சட்டம் இயற்றிப் பெயர் முறைப்படி நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14. அண்ணா மறைந்தது அடுத்த மாதம் 3ஆம் தேதி.

பல பத்தாண்டுகளுக்கு எந்த அரசும் இதைப் பெரிய விழாவாக எடுக்கவில்லை. கேரளம் நவம்பர் 1ஐக் கேரளப் பிறவி என்றும் கர்நாடகம் ராஜ்யோத்சவம் என்றும் கொண்டாட, நாம் சும்மா இருந்தோம். 2019இல் பழனிசாமி அரசு நவம்பர் 1ஐத் தமிழ்நாடு நாள் என்று அறிவித்துக் கொண்டாடியது. 2021 மே மாதம் ஆட்சி மாறியது. அக்டோபர் இறுதியில், நவம்பர் 1 வருவதற்குச் சில நாட்களே இருக்கும்போது, முதல்வர் மு.க. ஸ்டாலின் இனி ஜூலை 18தான் தமிழ்நாடு நாள் என்று அறிவித்தார். நவம்பர் 1 எல்லைகள் பிரிந்த நாள், பெயர் கிடைத்த நாள் ஜூலை 18 என்பது அரசு தந்த காரணம். அ.தி.மு.க.வும் தமிழ்த் தேசிய அமைப்புகளும் எதிர்த்தன.

இரண்டு தேதியிலும் பொய் இல்லை. நவம்பர் 1ஐ எடுத்தால் கதை காமராசர் ஆட்சியில், மார்ஷல் நேசமணியின் குமரிப் போராட்டத்தில், ம.பொ.சி.யின் எல்லைப் போராட்டத்தில் நடக்கிறது. திராவிட இயக்கம் அந்தக் காட்சியின் நடுவில் இல்லை. ஜூலை 18ஐ எடுத்தால், ஆட்சிக்கு வந்த சில மாதங்களில் அண்ணா அவையில் எழுந்து நிற்கும் காட்சி வருகிறது. தி.மு.க. அரசு எந்தக் காட்சியை விரும்பும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

என்னைக் கேட்டால், நவம்பர் 1க்கு ஒரு நெருடலும் உண்டு. கன்னியாகுமரி கிடைத்த அதே நாளில், நாம் கேட்ட தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின. ஒரு கண் சிரிக்க ஒரு கண் கலங்கும் நாளை விழாவாக்குவது கடினம். ஆனால் நாகர்கோவில் பக்கம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள். 1954 ஆகஸ்ட் 11 துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தவர்களின் மாவட்டம் அது. தாய்த் தமிழகத்தோடு சேர்ந்த நாள் என்று நவம்பர் 1இல் நேசமணி சிலைக்கு மாலை விழுவதற்குச் சென்னையிலிருந்து எந்த அரசாணையும் தேவைப்படுவதில்லை.

ஆந்திரத்தின் நிலை இன்னும் சிக்கல். 1956 நவம்பர் 1இல் தெலங்கானாவுடன் சேர்ந்து உருவான மாநிலம், 2014 ஜூன் 2இல் அதை இழந்தது. எது பிறந்த நாள்? சந்திரபாபு நாயுடு ஆட்சி ஜூன் 2ஐ விழாவாக எடுக்காமல், புதிதாகக் கட்டி எழுப்பும் சபத நாளாக்கியது. 2019இல் வந்த ஜெகன்மோகன் ரெட்டி அரசு பழைய நவம்பர் 1க்கே திரும்பியது. பக்கத்தில் தெலங்கானாவுக்கு அதே ஜூன் 2 பட்டாசு வெடிக்கும் நாள்.

ஒரு தேதி, நான்கு பெயர்

சில நேரம் தேதியில் தகராறு இருக்காது; பெயரில் இருக்கும். செப்டம்பர் 17ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1948இல் இந்திய ராணுவம் ஐதராபாத் சமஸ்தானத்துக்குள் நுழைந்து, நிஜாம் பணிந்த நாள் அது. அதை என்னவென்று அழைப்பது? ‘விடுதலை’ என்றால் நிஜாம் ஆட்சி அடிமைத்தனம் என்றாகிறது; நிஜாமுக்கு ஆதரவான ஆயுதக் குழுவான ரசாக்கர்களின் கொடுமை முன்னே வருகிறது. ‘ஒருமைப்பாடு’ என்றால் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது மட்டும் நிற்கிறது. மதம் பின்னே போகிறது. இடதுசாரிகளுக்கோ நிலக்கிழார்களுக்கு எதிராக உழவர்கள் நடத்திய ஆயுதப் போராட்டமே நினைவு.

மராத்வாடாவை வைத்திருக்கும் மகாராஷ்டிரம் அதை விடுதலை நாள் என்றே நெடுங்காலமாகக் கொண்டாடுகிறது. ஐதராபாத்திலேயே இருக்கும் அரசுகள் மட்டும் ஒதுங்கி நின்றன. 2022இல் ஒன்றிய அரசு ‘ஐதராபாத் விடுதலை நாள்’ விழாவை அந்த நகரிலேயே நடத்த, சந்திரசேகர ராவ் அரசு அதே நாளில் ‘தெலங்கானா தேசிய ஒருமைப்பாட்டு நாள்’ நடத்தியது. ஒரே ஊர், ஒரே காலை, இரண்டு கொடியேற்றம். 2024இல் காங்கிரஸ் ஆட்சி அதை ‘மக்களாட்சி நாள்’ என்று பொருள்படும் மூன்றாவது பெயருக்கு மாற்றியது. எந்தச் சொல் யாருடைய வாக்காளரைப் புண்படுத்தாது என்ற கணக்கு ஒவ்வொரு பெயரிலும் இருக்கிறது.

அதே தாளைத் தமிழ்நாட்டில் கிழித்தால் வேறு முகம். செப்டம்பர் 17 பெரியார் பிறந்த நாள், 1949இல் தி.மு.க. தொடங்கப்பட்ட நாளும் அதுவே. 2021 முதல் அரசு அதைச் ‘சமூகநீதி நாள்’ ஆக்கி, அலுவலகங்களில் உறுதிமொழி எடுக்க வைக்கிறது.

இன்னொரு தந்திரமும் உண்டு: பழைய நினைவை அழிக்காமலே அதன் பக்கத்தில் புதியதை நிறுத்துவது. அக்டோபர் 31 இந்திரா காந்தி சுட்டுக் கொல்லப்பட்ட நாளாக 30 ஆண்டுகள் நினைவுகூரப்பட்டது. சர்தார் படேல் பிறந்ததும் அதே தேதிதான். 2014இல் அது ‘தேசிய ஒற்றுமை நாள்’ ஆனது. யாரையும் மறக்கச் சொல்லவில்லை. ஆனால் ஒலிபெருக்கி இடம் மாறிவிட்டது.

வெளிநாடுகளை வேகமாகக் கடப்போம். 1880இல் பிரான்ஸ் ஜூலை 14ஐத் தேசிய நாளாக்கியபோது சட்டத்தில் ஆண்டைக் குறிப்பிடவே இல்லை. புரட்சியை விரும்புகிறவர் பாஸ்டில் சிறை வீழ்ந்த 1789ஐ நினைத்துக்கொள்ளலாம். ரத்தத்தை அஞ்சுகிறவர் ஒற்றுமை விழா நடந்த 1790ஐ நினைத்துக்கொள்ளலாம். இவ்வளவு சமர்த்தான மௌனத்தைச் சட்டப் புத்தகங்களில் அரிதாகத்தான் பார்க்க முடியும். ரஷ்யாவில் நவம்பர் 7, அக்டோபர் புரட்சியின் நாள். சோவியத் போன பிறகு யெல்ட்சின் அதன் பெயரை ‘இணக்க நாள்’ என்று மாற்றிப் பார்த்தார். 2005 முதல் விடுமுறையே நவம்பர் 4க்கு நகர்ந்துவிட்டது; 1612இல் போலந்துப் படையை மாஸ்கோவிலிருந்து விரட்டிய நினைவாம். சிகாகோ தொழிலாளர்களின் ரத்தத்தில் பிறந்த மே நாளைச் சென்னையில் சிங்காரவேலர் 1923லேயே கொண்டாடினார். அமெரிக்காவோ 1894 முதல் தன் தொழிலாளர் நாளைச் செப்டம்பரில் வைத்திருக்கிறது.

ஆணை எங்கே நின்றுவிடுகிறது

இதையெல்லாம் படித்தால் அரசு நினைத்தால் எதையும் நினைவாக்கிவிடும் என்று தோன்றும். அப்படி இல்லை என்பதற்கு நம் புத்தாண்டே சாட்சி.

2008 ஜனவரியில் கருணாநிதி அரசு தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என்று சட்டம் இயற்றியது. அதன் பின்னால் தமிழறிஞர் சிலர் பல காலம் வைத்த வாதம் இருந்தது: பிரபவ, விபவ என்று சுழலும் அறுபது ஆண்டுப் பெயர்கள் வடமொழி, அவற்றுக்குப் புராணக் கதை வேறு, உழவரின் அறுவடையோடு வரும் தையே நமக்குப் பொருந்தும். எதிர்த்தரப்பு, சூரியன் மேட ராசியில் புகும் சித்திரைதான் வழிவழியாக வந்த ஆண்டுப் பிறப்பு, மக்கள் வழக்கத்தைச் சட்டத்தால் மாற்றுவதா என்று கேட்டது. 2009, 2010, 2011 என மூன்று தை மாதங்கள் அரசுப் புத்தாண்டுகளாகப் பிறந்தன. 2011இல் ஜெயலலிதா ஆட்சிக்கு வந்தார்; ஆகஸ்டில் சட்டம் நீக்கப்பட்டது.

அந்த மூன்று ஆண்டும் சமையலறையில் என்ன நடந்தது? சித்திரை முதல் நாளில் வேப்பம்பூவும் மாங்காயும் வெல்லமும் சேர்ந்த பச்சடி வழக்கம்போல இலையில் விழுந்தது. தையில் பொங்கல் பொங்கியது. அது எந்த ஆண்டும் பொங்கத்தான் செய்யும். அம்பேத்கர் பிறந்த நாள் என்பதால் ஏப்ரல் 14 விடுமுறையும் போகவில்லை. அறிவுலக வாதத்தில் தைக்கு வலு இருக்கலாம். எனக்கேகூட அதில் பாதி உடன்பாடு. ஆனால் அது வீட்டுக்குள் செய்ய ஒரு வேலையைத் தரவில்லை. தைக்கு ஏற்கெனவே ஒரு பானை இருந்தது. இரண்டாவது பண்டிகையை ஏற்ற இடம் இல்லை. இலங்கையிலோ இந்தச் சட்டம் எட்டவே முடியாது. அங்கே ஏப்ரல் புத்தாண்டு சிங்களவருக்கும் தமிழருக்கும் சேர்த்தே அரசு விடுமுறை.

இலங்கை அரசே ஒருமுறை இதைவிடத் துணிச்சலாக இறங்கிச் சூடுபட்டது. 1966இல் டட்லி சேனநாயக்க அரசு ஞாயிற்றுக்கிழமை விடுமுறையை எடுத்துவிட்டு, பௌத்தர்களின் போயா நாட்களை, அதாவது அமாவாசை, பௌர்ணமி, இடையில் வரும் இரண்டு அரை நிலா நாட்களை வார விடுமுறையாக்கியது. நிலாவுக்கு ஏழு நாள் கணக்கு தெரியாதே! சில வாரம் நீண்டது, சில வாரம் சுருங்கியது. உலகம் முழுதும் வங்கி மூடியிருக்கும் ஞாயிறன்று கொழும்பு திறந்திருந்தது. 1971இல் ஞாயிறு திரும்பிவிட்டது. பௌர்ணமி விடுமுறை மட்டும் இன்றும் தங்கியிருக்கிறது.

அதே தீவில் நேர் எதிரான காட்சியும் உண்டு. 2009 மே மாதம் போர் முடிந்தது. அரசு அதை வெற்றி நாளாகப் படை அணிவகுப்புடன் கொண்டாடியது. 2015இல் சிறிசேன அரசு ‘வெற்றி’ என்ற சொல்லை விட்டு ‘நினைவு’ என்ற சொல்லுக்கு மாறியது. வடக்கிலும் கிழக்கிலும் தமிழர்கள் மே 18இல் கூடுவது வேறொன்றுக்காக. முள்ளிவாய்க்காலில் கடைசி நாட்களில் குடித்து உயிர் தாங்கிய உப்பில்லாத அரிசிக் கஞ்சியைச் சிரட்டையில் ஊற்றித் தெருவில் போவோருக்குக் கொடுக்கிறார்கள். 2024இல் திருகோணமலை மாவட்டம் சம்பூரில் அந்தக் கஞ்சியைக் காய்ச்சிக் கொடுத்ததற்காகப் பெண்கள் உட்படச் சிலர் கைதானார்கள். அரசிதழில் இல்லாத நாள், அணிவகுப்பு இல்லாத நாள். ஒரு பானைக் கஞ்சிக்குப் போலீஸ் வர வேண்டியிருந்தது.

எங்கள் வீட்டுக் காலண்டரில் இப்போது தைப்பூசம் அச்சிலேயே சிவப்பாக வருகிறது. அம்மாவின் பேனாவுக்கு வேலை இல்லை. ஏப்ரல் 14ஆம் தேதித் தாளில்தான் நெரிசல். தமிழ்ப் புத்தாண்டு, அம்பேத்கர் பிறந்த நாள், 2022இலிருந்து ‘சமத்துவ நாள்’. காலையில் தொலைக்காட்சியைப் போட்டால் ஒரு சேனல் ‘புத்தாண்டு சிறப்பு நிகழ்ச்சி’ என்கிறது, இன்னொன்று ‘சித்திரைத் திருநாள் சிறப்பு நிகழ்ச்சி’ என்கிறது. அம்மா இரண்டையும் சட்டை செய்வதில்லை. பச்சடிக்கு வெல்லம் போதுமா என்று என்னை ருசி பார்க்கச் சொல்கிறார்.